சுப்பாயி எங்கே?

ஜப்பான்காரன் ஆட்சி. கோலா கெத்தில் ரப்பர் தோட்டத்தில், ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் எல்லாரும் வரிசையாக நின்றாகிவிட்டது. அய்யாவுவின் மனைவியை மட்டும் காணோம். ஜப்பான் ஆபீசரின் லாரி வேறு வந்து நின்றுவிட்டது. ஆள் குறைந்தால் புருஷனுக்குத்தான் அறை விழும்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பரஞ்சோதி கடைசி நேரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மூன்று மாதம் ஜப்பானியம் படித்த பெருமையில் அவர்தான் தோட்டத்து மொழிபெயர்ப்பாளர்.

"இங்கிலீஷ் வாயில வரப்படாதுலா. அதுலயும் டவுட்டு, சஸ்பெக்ட்டு, ஸ்பை, இந்த மாதிரி வார்த்தைங்க வரவே கூடாது. சொன்னவன் மேலதான் முதல்ல சந்தேகம் விழும், காட்டுல ஒளிஞ்சு சப்பான்காரனோட சண்டை போடுற காட்டுக்காரங்க ஆளுன்னு."

"எனக்கு ஏதுங்க கிராணியய்யா இங்கிலீசு?" என்ற அய்யாவு, குடியிருப்பு லயத்துப் பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினான். "சுப்பாயீ! ஏ சுப்பாயீ!"

சிப்பாய்கள் லாரியிலிருந்து திபுதிபுவென்று குதித்தார்கள். ஒரு துப்பாக்கிக் கத்தி அய்யாவுவின் தொப்புளுக்கு நேரே வந்து நின்றது.

"சுப்பாய்?" என்றார் ஆபீசர்.

"ஆமாங்க தொரை, சுப்பாயிதான்" என்று அய்யாவு பணிவாகக் கும்பிட்டான்.

பரஞ்சோதிக்கு மட்டும் விபரீதம் புரிந்தது. ஜப்பானியத்தில் சுப்பாய் என்றால் உளவாளி. அவர் சொல்லக் கூடாது என்ற அதே இங்கிலீஷ் 'ஸ்பை'தான், ஜப்பான்காரன் வாயில் அப்படி ஆகியிருந்தது. விளக்கிவிடலாம் என்று குறுக்கே பாய்ந்தார். பதற்றத்தில் வந்தது, "நோ டவுட் சார்! நோ டவுட்!"

பளார் என்று ஒன்று விழுந்தது. கேட்டதை மட்டும் மொழிபெயர் என்றார் ஆபீசர்.

"சுப்பாய் எங்க குடியிருக்குன்னு கேக்குறாரு" என்றார் பரஞ்சோதி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே.

"என் வீட்லதாங்க."

கத்தி சட்டையைத் தொட்டது.

"என்ன வேலை பாக்குது?"

"பாலுக்கு ரப்பர் மரம் வெட்டுறா. மத்த நேரமெல்லாம் என்னை வேவு பாக்குறா. கள்ளுக்கடைப் பக்கம் போனேனா, எவகிட்டயாவது பேசினேனான்னு சட்டைய மோந்தே கண்டுபிடிச்சிருவா."

"வேற மாதிரி சொல்லுய்யா!" என்று பரஞ்சோதி பல்லைக் கடித்தார். "யார்கிட்டத் தகவல் சொல்லுது?"

"பைப்படியில நின்னான்னா தோட்டம் பூராச் சொல்லிருவா."

அது உண்மைதான். அய்யாவுவுக்கு அவள் மேல் சந்தேகப்பட நேரமே கிடைத்ததில்லை. அந்த வீட்டில் சந்தேகம் அவள் இலாகா. ஆனாலும் கத்தி அழுத்தியபோது அவனுக்குத் தன் உயிரை விட அவள் உயிர்தான் பெரிதாகத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

"என் பொஞ்சாதிங்க தொரை! சூதுவாது தெரியாதவ. அவளை விட்டுட்டு என்னைக் குத்துங்க!"

பரஞ்சோதிக்கு அப்போதுதான் படித்த சொல் ஒன்று நினைவுக்கு வந்தது. "ஓக்குசான்!" என்று அலறினார். மனைவி! இவனுடைய மனைவி! பெயரே சுப்பாய்!

ஆபீசர் விழித்தார். பிறகு இடுப்பு வாளைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்புக்கு நடுவே ஏதோ சொன்னார்.

"தன் வீட்லயும் ஒரு சுப்பாய் இருக்குன்னு சொல்றாரு" என்றார் பரஞ்சோதி. தோட்டமே சிரித்தது. ஆபீசர் அய்யாவுவுக்கு ஒரு சிகரெட் கொடுத்துவிட்டு லாரியேறினார்.

லாரி மறைந்தபின் ரப்பர் மரங்களுக்கு நடுவிலிருந்து சுப்பாயி மூச்சு வாங்க ஓடிவந்தாள். அய்யாவுவுக்கு அவளைக் கொஞ்சம் மிரட்டிப் பார்க்க ஆசை. கல்யாணமான நாளாக அவள் அவனை விசாரித்திருக்கிறாள். இன்று அவன் முறை.

"சப்பான்காரன் உன்னைத்தான் கேட்டான்டி" என்றான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. "சுப்பாயி எங்க இருக்கா, என்ன பண்றா, யார்கிட்டத் தகவல் சொல்றான்னு குடைஞ்சு எடுத்துட்டான்."

சுப்பாயி அவன் கையை இறுகப் பிடித்து ஒரு மரத்துக்குப் பின்னால் இழுத்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"பாலிங் ரோட்டுல போற சப்பான் பட்டாள லாரிய எண்ணிக் காட்டுக்காரங்ககிட்டச் சொல்றது நான்தான்னு அவனுக்கு எவன் சொன்னது?"