மாமா கண்ணில் ஒற்றிக்கொண்ட பாஸ்போலிப்பிட்

முதல்முறை ஒரு வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்பார்கள். அன்று மட்டும் வெறுங்கையோடு போயிருந்தால் என் மானம் இன்னும் என்னிடமே இருந்திருக்கும்.

அப்போது பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் எனக்கு வேலை. முட்டை மஞ்சள் கருவிலிருந்து பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பைப் பிரித்தெடுக்க வேண்டும். (பெண் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டதுமே காபியை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.) கார்த்திக் கிளம்பவில்லை. கட்டினால் இவனைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். மிச்சமிருந்தது மல்லேஸ்வரத்தில் அவன் அப்பா அம்மாவின் சம்மதம். சுத்த சைவம். கேக் வாங்கப் போனாலும் பேக்கரிக்காரரைக் குறுக்கு விசாரணை செய்கிற குடும்பம்.

"வேலையப் பத்திக் கேட்டா லேப்னு மட்டும் சொல்லு. முட்டைன்னு வாயத் தொறந்தே, அவ்ளோதான்" என்று எச்சரித்துத்தான் கூட்டிப் போனான்.

நான் வாயைத் திறக்கவில்லை. கையிலிருந்த பையை மட்டும் கொடுத்தேன். ஆப்பிள், சாத்துக்குடி, கொஞ்சம் மல்லிகை. அவன் அம்மா (இன்று என் அத்தை) அதை வாங்கிக்கொண்டு நேரே பூஜை அறைக்குப் போனார். யார் எது கொண்டுவந்தாலும் முதலில் சாமிக்கு என்பது அந்த வீட்டு வழக்கம். நான் ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து என் அடக்கத்தை நானே ரசித்துக்கொண்டிருந்தேன்.

"போன வாரம்தான் பழனிக்குப் போய்ட்டு வந்தாப்பா" என்று கார்த்திக் அவன் அப்பாவிடம் எனக்கு மார்க் வாங்கிக்கொண்டிருந்தான். (போனது தோழி கல்யாணத்துக்கு. மலை ஏறவே இல்லை.)

உள்ளே மணி அடித்தது. அத்தை ஒரு டப்பாவும் ஸ்பூனுமாக வந்தார். "பஞ்சாமிர்தம் கொண்டாந்திருக்கே, சொல்லவே இல்லியேம்மா."

மறுநாள் அத்திபெலேயில் மயோனைஸ் தயாரிக்கும் ஒருவருக்குக் கொடுக்க, அதே பையின் அடியில் போட்டு மறந்திருந்த என் ஆய்வக சாம்பிள் அது. டப்பாவில் பேட்ச் நம்பர் தவிர ஒன்றும் கிடையாது. பழுப்பாய், பிசுபிசுவென்று, மேலே ஒரு மல்லிகைப்பூவோடு இருந்தது.

நான் எழுவதற்குள் கார்த்திக்கின் அப்பா (இன்று என் மாமா) உள்ளங்கையில் வாங்கி, கண்ணில் ஒற்றி, வாயில் போட்டுவிட்டார்.

"நெய் தூக்கலா இருக்கு" என்றார் யோசனையோடு. "வாழப்பழம்தான் தெரியல."

அத்தை தனக்கு ஒரு ஸ்பூன் எடுத்தார். அவரையாவது காப்பாற்ற வேண்டுமே.

"வேணாம் அத்தை, அது முட்டை."

பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. படித்ததையெல்லாம் கொட்டினேன்.

"நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் சுவரே இந்த மாதிரிக் கொழுப்புதான் மாமா. நாம மூச்சு விடறப்ப நுரையீரல் ஒட்டிக்காம பாத்துக்கறதும் இந்த வகைதான். சாப்பிட முடியாத பேஷண்டுக்கு டிரிப்ஸ்ல கொழுப்பு ஏத்தறாங்கல்ல, அது தண்ணியில பிரியாம இருக்க இதத்தான் சேக்கறாங்க. இது ஒரு பக்கம் தண்ணியப் புடிச்சுக்கும், இன்னொரு பக்கம் எண்ணெயப் புடிச்சுக்கும்..."

மாமா பொறுமையாகக் கேட்டு முடித்தார். "ஒடம்புல அது பாட்டுக்கு இருக்கட்டும்மா. மேக்கொண்டு நீ எதுக்கு ஊட்டறே?"

பிறகு குளியலறைக்குப் போனார். அவர் வாய் கொப்பளிக்கும் சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். கார்த்திக் சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணம் கைநழுவிப் போய்விட்டது என்று நான் அழவே ஆரம்பித்துவிட்டேன். பூஜை அறையைக் கழுவிவிட்டு வந்த அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆய்த்து போ, அழாதம்மா. சாமி ஒண்ணும் சொல்லல. இவருதான் நாலு நாளைக்குச் சொல்லிட்டிருப்பாரு."

கல்யாணம் நடந்தது. நாலு நாள் என்பதுதான் தப்புக் கணக்கு. போன மாதம் நிஜமாகவே பழனிக்குப் போய், மலை ஏறி, சீல் உடைக்காத பஞ்சாமிர்தம் வாங்கி வந்தேன். மாமா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சைவத்துக்கான பச்சைப் புள்ளியைக் கண்டுபிடித்தார். அப்புறமும் ஸ்பூனை என்னிடமே நீட்டினார்.

"மொதல்ல நீ சாப்பிடும்மா. செல்லுக்கு நல்லது."