பயனாளி பெயர்: வெயிலாத்தாள்

ஆமத்தூர் விலக்கிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிற வெயிலாத்தாள் கோயிலில், நாள் தவறாமல் உச்சிக்காலப் பூசைக்கு ஒன்பது கிலோ வெண்பொங்கல் படைப்பார்கள். அம்மன் அதைப் பார்ப்பாள். அவள் பார்த்து முடித்ததும், எதிரே உள்ள தீப்பெட்டி ஆபீஸில் சாப்பாட்டு மணி அடித்து வருகிற பெண்கள் முப்பது பேர் அதை வாங்கிச் சாப்பிடுவார்கள். விடியுமுன்னே கடுங்காப்பியை ஊற்றிக்கொண்டு வேன் ஏறுகிறவர்கள். அம்மன் பார்ப்பது, அவர்கள் சாப்பிடுவது என்ற இந்த ஏற்பாட்டில் இரு தரப்புக்கும் எந்த மனத்தாங்கலும் வந்ததில்லை.

அம்மனும் லேசில் முகம் சுளிக்கிறவள் இல்லை. சோளம் விதைத்தவர்கள் மழை வேண்டுமென்றும், வெடி காயப்போட்ட பயராபீஸ்காரர்கள் மழை வேண்டாமென்றும் ஒரே செவ்வாய்க்கிழமை வந்து கும்பிட்டாலும் இருவருக்கும் அதே திருநீறுதான்.

பூசாரி முத்துக்கிருஷ்ணனுக்கு இருபத்திரண்டு வருசச் சர்வீஸ். சாமி வந்து ஆடுகிறவர்களைத் தைரியமாகத் தோளைப் பிடித்து நிறுத்துவார். ஆனால் முத்திரை போட்ட உறை வந்தால் அதைப் பிரிக்கப் பயந்து அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவார். அப்படிப்பட்டவரிடம்தான் ஒரு ஆவணி மாதம், புதிதாக வந்திருந்த செயல் அலுவலர் திருமலைக்குமார் ஒரு எலக்ட்ரானிக் தராசையும் ஒரு கைப்பேசியையும் ஒப்படைத்தார்.

"இதுல அமுதக்கண்ணுன்னு ஒரு செயலி இருக்கு. படைக்கறதுக்கு முன்னால பொங்கல நிறுத்து ஒரு போட்டோ. படைச்சபெறகு நிறுத்து ஒரு போட்டோ. அவ்வளவுதான்."

"ரெண்டாவது எதுக்குங்கய்யா?"

"முதல்ல இருந்து ரெண்டாவதக் கழிச்சா, உட்கொண்ட அளவு வந்துரும்."

"யாரு உட்கொண்ட அளவு?"

அலுவலர் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். பயனாளி பெயர் என்ற கட்டத்தில் வெயிலாத்தாள் என்று இருந்தது. வயது என்ற கட்டம் காலியாக இருந்தது.

முத்துக்கிருஷ்ணன் சொன்னபடி செய்தார். முன்னால் ஒன்பது கிலோ, பின்னால் ஒன்பது கிலோ. ஒரு மாதம் கழித்து உறை வந்தது. மடப்பள்ளியில் பொங்கல் வைக்கும் பாலம்மாள்தான் பிரித்து வாசித்தாள்.

"மேற்படி திருக்கோயிலின் பயனாளி, கடந்த முப்பத்தொரு நாட்களாகத் தமக்கு வழங்கப்பட்ட உணவில் ஒரு கிராம்கூட உட்கொள்ளவில்லை என்பது செயலி வாயிலாகத் தெரிய வருகிறது. இது பயனாளியின் விருப்பின்மையாலா, பணியாளரின் கவனக்குறைவாலா என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் கோரப்படுகிறது."

"நான் வைக்கிற பொங்கலு சரியில்லன்னு எழுதிருக்காகளா?" என்றாள் பாலம்மாள்.

"இல்ல, நான் ஊட்டிவிடலன்னு எழுதிருக்காக."

முத்துக்கிருஷ்ணன் அலுவலகத்துக்குப் போய் நின்றார். "அய்யா, ஆத்தா பார்வையாலேயே ஏத்துக்கிடுவா. வாயால சாப்பிட மாட்டா. எங்கயுமே அப்படித்தான்."

திருமலைக்குமார் பொறுமையாகக் கேட்டார். செயலியைத் திறந்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "பார்வைக்குக் கட்டம் இல்லையே, பூசாரி."

கட்டம் இல்லாததால் அளவு பாதியானது. பயன்படுத்தப்படாத உணவை வழங்குவது வீண்செலவு என்று ஆணை வந்தது. நாலரைக் கிலோவை முப்பது பேருக்குப் பகிர்ந்தபோது ஆளுக்கு ஒரு கைப்பிடிதான் தேறியது. மாடத்தி என்கிற பெண், குச்சி அடுக்குகிறவள், இலையை வழித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏண்ணே, ஆத்தாவுக்குக் கோவமா?"

"ஆத்தாவுக்கு இல்ல தாயி."

பாதியாக்கியும் பயனாளி சாப்பிடவில்லை. அடுத்து, உணவின் தரத்தை நேரில் ஆராய ஒரு ஆய்வாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். வந்த நேரம் உச்சிக்காலம். பொங்கலை நிறுத்தாகிவிட்டது, தீபமும் காட்டியாகிவிட்டது, இரண்டாம் முறை நிறுக்கவில்லை. ஆய்வாளர் ஒரு வாய் எடுத்துப் போட்டார். நெய் எந்த ஊர் என்று கேட்டார். மிளகு நன்றாக இருக்கிறதென்றார். ஆய்வை அரைகுறையாக விடக்கூடாது என்று இலை கேட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கை கழுவப் போனதும் முத்துக்கிருஷ்ணன் பயந்தபடி தராசில் வைத்தார். அறுநூற்று நாற்பது கிராம் குறைந்திருந்தது.

அமுதக்கண் பச்சையானது. மணி அடித்தது. "வாழ்த்துகள்! பயனாளி உணவு உட்கொள்ளத் தொடங்கியுள்ளார்" என்றது.

மறுநாளே ஆணை வந்தது. பயனாளிக்குப் பசி திரும்பியிருப்பதை முன்னிட்டு மறுபடியும் ஒன்பது கிலோ. தொடர்ந்து உட்கொண்டால் மட்டுமே இந்த அளவு நீடிக்கும்.

முத்துக்கிருஷ்ணன் அன்று காகிதத்துக்குப் பயப்படவில்லை. தராசைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார். நிறுப்பது, படைப்பது, நிறுப்பது, சாப்பிடுவது என்று இருந்ததை, நிறுப்பது, படைப்பது, சாப்பிடுவது, நிறுப்பது என்று மாற்றினால் போதும். அம்மன் பார்த்த பிறகுதான் பெண்கள் சாப்பிடப் போகிறார்கள். முறை ஒன்றும் கெடவில்லை. தராசுதான் ஒரு படி தள்ளிப் போகிறது.

திரையை இழுத்துவிட்டு, மடப்பள்ளிக் கதவு வழியாகப் பெண்களை உள்ளே கூட்டினார். சத்தமில்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் அண்டாவைப் பாலம்மாள் கரண்டியால் சுரண்ட வேண்டிய வேலைகூட வைக்கவில்லை.

உட்கொண்ட அளவு: ஒன்பது கிலோ. நூறு சதவீதம். மாவட்டத்தில் முதலிடம்.

அத்தோடு விட்டிருந்தால் எல்லாரும் நன்றாக இருந்திருப்பார்கள். முதலிடம் வந்தால் யார் விடுகிறார்கள்? சுற்றியிருக்கிற கோயில்களுக்கெல்லாம் சுற்றறிக்கை போனது: வெயிலாத்தாள் அம்மன் முழு ஒத்துழைப்பு அளித்துவரும் நிலையில் தங்கள் கோயில் பயனாளி ஒத்துழைக்காதது ஏன்? பக்கத்து ஊர்ப் பூசாரி ஒருவர் போன் போட்டு அழுதார். "அண்ணே, எங்க சாமி பச்சத்தண்ணிகூட தொடமாட்டேங்குது. நீங்க என்னத்தச் சொல்லி ஊட்டுறீக?"

பிறகு பத்திரிகையில் வந்தது. சாப்பிடும் அம்மன். அதற்குப் பிறகு ஜனங்கள் வந்தார்கள். மதுரையிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள், கோயம்புத்தூரிலிருந்து கார் போட்டு வந்தார்கள். ஆளாளுக்கு ஒரு சின்னத் தராசு கொண்டுவந்து, வீட்டிலிருந்து செய்துவந்த கொழுக்கட்டையை நிறுத்து உள்ளே கொடுத்தார்கள். சென்னையில் ஆத்தா டயட் என்று ஒன்று பிரபலமானது. நாளைக்கு ஒரே வேளை, உச்சிப்பொழுதில், திரையை மூடிக்கொண்டு பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும். உடம்பு இளைக்கும், மனசு தெளியும் என்றார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் அதையே வருசக்கணக்கில் செய்துவருவதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. சிவகாசி அச்சாபீஸ்களில் அடுத்த வருசக் காலண்டருக்கு ஆர்டர் குவிந்தது. படத்தில் அம்மனுக்கு ஒரு கையில் சூலம், மறு கையில் எலக்ட்ரானிக் தராசு.

கூட்டம் பெருகவும் திருமலைக்குமார் சவுக்குக்கம்பு தடுப்புக் கட்டி டிக்கெட் போட்டார். பாதுகாப்புக் கருதி மடப்பள்ளிக் கதவைப் பூட்டி சீல் வைத்தார். கோயில் வாசலில் ஒரு பெரிய மின்பலகையும் வைத்தார். தராசு மேலேயே அண்டா இருக்கும், உட்கொண்ட அளவு உடனுக்குடன் பலகையில் சிவப்பு எழுத்தில் ஏறும். அம்மனின் பசியை மதித்து பொங்கலை இருபத்தைந்து கிலோவாக உயர்த்தினார்.

"அய்யா, கதவப் பூட்டாதீக" என்று முத்துக்கிருஷ்ணன் கெஞ்சினார்.

"ஏன்?"

என்ன சொல்வார்? "ஆத்தாவுக்குக் காத்து வேணும்" என்றார்.

அலுவலர் மின்விசிறிக்கு உத்தரவு போட்டார்.

இப்போது திரைக்கு உள்ளே மூன்றே பேர். அம்மன், முத்துக்கிருஷ்ணன், இருபத்தைந்து கிலோ பொங்கல். முதல் நாள் அவரால் ஒன்றரைக் கிலோ முடிந்தது. வெளியே ஆயிரம் பேர் குலவையிட்டுக் காத்திருக்கிறார்கள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. வேறு வழியில்லாமல் அபிஷேகத் தண்ணீர் வெளியேறுகிற கோமுகித் துவாரத்தில் அள்ளி அள்ளித் தள்ளினார். சுவருக்கு அந்தப்பக்கம் ஊர் ஆடுகள் நின்றன. நாலு நாளில் அவற்றுக்கு நேரம் பழகிவிட்டது, உச்சிக்கால மணி அடித்ததும் வரிசையில் வந்து நின்றுகொண்டன.

ஏழாம் நாள் துவாரம் அடைத்துக்கொண்டதா என்று பார்க்க முத்துக்கிருஷ்ணன் பின்பக்கம் போனார். கிடாக்கள் முந்திரிப்பருப்பைக் கடித்துக்கொண்டிருந்தன. அங்கிருந்து பார்த்தால் தடுப்பு தெரியும். மாடத்தி சவுக்குக்கம்பைப் பிடித்தபடி நின்றாள். "டிக்கெட் இல்லாதவங்க தள்ளும்மா" என்று காவலாள் அவள் தோளைத் தள்ளினான். அவள் தள்ளிப் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கத் தெம்பில்லாத உட்காரல் அது. இருபத்திரண்டு வருசமாகச் சோறு பரிமாறியவருக்கு அது தெரியாமல் போகுமா? கையில் ஒட்டியிருந்த பொங்கலை வேட்டியில் துடைத்தார், போகவில்லை.

மறுநாள் திரையைத் திறந்தவர் தீபத்தைக் காட்டாமல் வாசலுக்கு வந்தார். ஒலிபெருக்கியை வாங்கினார்.

"எல்லாரும் கேளுங்க. ஆத்தா சாப்பிடல. அவ பார்ப்பா, அம்புட்டுதான். மொத சாப்பிட்டது தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைக. இப்பச் சாப்பிடுறது ஆடு. நான்தான் கணக்க மாத்தினேன். கதவத் தொறந்து அந்தப் பொம்பளைகளுக்குச் சோறு போடுங்க."

திருமலைக்குமார் ஓடிவந்து ஒலிபெருக்கியின் வாயைக் கையால் பொத்தினார். "மாவட்டத்துல முதலிடம்யா. எறங்கச் சொல்றீங்களா?" என்று பல்லைக் கடித்தார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"விசாரிப்போம். பூசாரி சொல்றது உண்மைன்னா, அம்மனுக்குரிய உணவ அபகரிச்சிருக்காங்க. சாப்பிட்டவங்க யாராரு? முன்னால வாங்க. பேரு, ஆதார் நம்பர், கைரேகை குடுங்க. மேல்நடவடிக்கைக்கு அனுப்பணும்."

தடுப்புக்கு வெளியே நின்ற தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"பாலம்மா, நீ சொல்லு" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

"நான் பொங்கலு வச்சுக் குடுப்பேன். உள்ள நடக்கறது எனக்குத் தெரியாது" என்றாள் பாலம்மாள், தரையைப் பார்த்து.

"மாடத்தி, நீயாச்சும் சொல்லு தாயி. எதிர்க்க உக்காந்து சாப்பிட்டேல்ல?"

மாடத்தி அவரைப் பார்த்தாள். அலுவலர் கையிலிருந்த கைரேகை மிஷினைப் பார்த்தாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரு ரேசன் கார்டு.

"நான் சாப்பிடலங்கய்யா" என்றாள். "ஆத்தாதான் சாப்பிட்டா. ரெண்டு கண்ணால பார்த்தேன்."

ஆயிரம் தொண்டையிலிருந்து குலவை எழும்பியது. இத்தனை நாள் தராசு மட்டும்தான் சாட்சி, இப்போது கண்ணால் கண்டவள் கிடைத்துவிட்டாள். ஜனங்கள் தடுப்பைத் தாண்டி வந்து அவள் காலில் விழுந்தார்கள். யாரோ பொன்னாடை போர்த்தினார்கள். அம்மன் எப்படிச் சாப்பிட்டாள் என்று கேட்டார்கள். வலது கையால்தான் என்று சொன்னாள். நாளாக நாளாக அவள் பார்த்தது கூடிக்கொண்டே போனது. வளையல் சத்தம் கேட்டதாம். ஊறுகாய் கேட்டாளாம். பதினெட்டுப் பொன்னாடை சேர்ந்தது, ஒருவரும் இலை போட்டு உட்கார் என்று சொல்லவில்லை.

முத்துக்கிருஷ்ணன் மீது, பயனாளியின் பசி குறித்து அவதூறு பரப்பிய வகையில் நடவடிக்கை எடுக்கப்பட்டு, பணிநீக்க ஆணை வந்தது. அந்த இடத்துக்கு உக்கிரபாண்டி என்கிற இளவட்டப் பூசாரி வந்தார். வந்த வாரமே, அபிஷேகத் தண்ணீர் தடையின்றி வெளியேறும் பொருட்டு கோமுகித் துவாரத்தை ஒன்றரை அடியாக விரிவுபடுத்தும் பணி நடந்தது.

முத்துக்கிருஷ்ணன் எதிரே இருந்த தீப்பெட்டி ஆபீஸிலேயே பண்டல் கட்டுகிற வேலைக்குச் சேர்ந்தார். அங்கே யாரும் அவரிடம் பழைய பேச்சை எடுக்கவில்லை. அவரும் மாடத்தியிடம் ஒன்றும் கேட்கவில்லை. முதல் நாள் சாப்பாட்டு மணி அடித்ததும் முப்பது பெண்களோடு அவரும் வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் நின்று எல்லாரும் கோயில் வாசல் மின்பலகையை அண்ணாந்து பார்த்தார்கள். வயிறு காந்தியது. உள்ளே திரை இழுத்துவிட்டிருந்தது. பலகையில் எண்கள் ஓடின. பத்து, பதினெட்டு, இருபத்திரண்டு. ஒருத்தியும் இமைக்கவில்லை.

"இன்னைக்கு முழுசாச் சாப்பிட்டுருவாளா?" என்றாள் மாடத்தி.

இருபத்தைந்து என்று வந்து நின்றது. பெண்கள் பூரித்துப்போய்க் கைதட்டினார்கள். எங்கேயோ பக்கத்தில் ஓங்கி ஓங்கித் தட்டுகிற சத்தம் கேட்டது. யாரென்று முத்துக்கிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து பார்த்தார். அவர் கைதான்.