பூக்கடைத் தாயம்மா போஸ் கொடுத்த படலம்

சாந்தோம் தேவாலயப் பங்கு பெற்றெடுத்த தவப்புதல்வியே! பதினோராம் வகுப்பின் அணையா விளக்கே! இதழியலும் புகைப்படமும் விருப்பப் பாடமாக எடுத்த நாள்முதல், "அப்போ இன்ஜினியரிங்?" என்று சித்தப்பாமார் எய்த கணைகளையெல்லாம் நெஞ்சில் தாங்கி நின்ற வீராங்கனையே! டெல்பின் எனும் திருநாமம் கொண்டவளே! உன் புகழ் பாடப் புகுந்தேன். கேட்க வந்தோரே, கைபேசியை ஓரமாய் வைத்துவிட்டுச் செவி சாய்ப்பீராக.

அன்று காலை, சிவப்புமையால் ஆயிரம் கட்டுரைகளின் தலைகொய்த ஆசிரியை கிளாடிஸ், கரும்பலகை அதிரப் பிரகடனம் செய்தார்: "ஸ்கூல் பேப்பர் முதல் பக்கத்துக்கு ஒரு படம் வேணும். வேலை செய்யறவங்க, வேலை செய்யற மாதிரியே இருக்கணும். போஸ் குடுத்த படம் எதுவும் என் மேஜைக்கு வரக் கூடாது. நாலு மணி வரைக்கும் டைம்!" முதல் பக்கம்! ஜூன் தொடங்கி ஐந்து இதழ்கள் வந்தும் ஒன்றில்கூடத் தான் எடுத்த படம் வராத துயரம் டெல்பினை அரித்துக்கொண்டிருந்தது. படத்தின் காலடியில், எறும்பும் குனிந்து படிக்கவேண்டிய எழுத்தில் 'படம்: டெல்பின்' என்று ஒருமுறை வந்துவிட்டால் போதும், சித்தப்பாமார் வாயடைப்பர்.

ஆகவே பள்ளிக்கே ஒன்றான கேமராவைக் கழுத்தில் பூண்டு, மதிய வெயில் மண்டையைப் பிளக்க, மந்தைவெளி மார்க்கெட் எனும் போர்க்களம் புகுந்தாள். பை சுமந்து உடன்வந்த வகுப்புத் தோழன் ஸ்ரீகிருஷ்ணா, பெயருக்கேற்பப் போர்முனையில் ஓர் உபதேசமும் அருளினான்: "சீக்கிரம் எடுடி, பசிக்குது."

ஆங்கே வீற்றிருந்தாள் தாயம்மா! மல்லிகைக் குன்றின் நடுவே, விரல் எது நார் எது என்று விழி அறியாவண்ணம் பூத்தொடுக்கும் பெருந்தகை. டெல்பின் கேமராவைத் தூக்கினாள். அவ்வளவுதான்! மின்னலாய்ப் பறந்த விரல்கள் நின்றன, தொடுத்த சரம் கூடைக்குள் போனது, முந்தானை சீரானது, கைகள் முழங்காலில் அமர்ந்தன, உதடுகள் கோட்டைக் கதவாய்ச் சாத்திக்கொண்டன. ஆதார் அட்டைக்குப் போல விறைத்து நின்றது அந்தத் திருமுகம். "எடுத்துக்கோ பாப்பா," என்றாள், உதடு அசையாமல்.

"நீங்க பாட்டுக்குப் பூ கட்டுங்க ஆன்ட்டி," என்று நம் நாயகி இறைஞ்சியும் பயனில்லை. பின்வாங்கி, நிறுத்தியிருந்த ஆட்டோ ஒன்றின் பின்னே பதுங்கி இரண்டாம் தாக்குதல் தொடுத்தாள். அந்தோ, அந்த ஆட்டோவுக்கு உரியவனும் எதிரணியே! "யக்கா, உன்னிய போட்டோ புடிக்கிது பாரு!" என்று முழங்கினான் கதிரேசன். முழங்கியதோடு நில்லாமல், சட்டைப்பையிலிருந்து சீப்பை உருவித் தலைவாரி, தானும் தாயம்மாவின் அருகே நின்று மார்பை நிமிர்த்தினான். படத்தில் நன்றாக விழவேண்டும் என்ற ஆர்வத்தில் ஓரடி பின்னே வைத்தான். வைத்த கால், பூவுக்குத் தெளிக்க நீர் நிரப்பி வைத்திருந்த வாளிக்குள் இறங்கியது.

சிரித்தாள் தாயம்மா! வாய் திறந்து, கண்ணில் நீர் வழிய, கை தன்போக்கில் மீண்டும் பூத்தொடுக்க, மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். அக்கணமே டெல்பினின் விரல் பாய்ந்தது. க்ளிக்! ஆகா, என்ன படம்! பறக்கும் மல்லிகை, தெறிக்கும் நீர், நடுவே அந்தச் சிரிப்பு. நாலு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

வென்றவள் பெருமிதத்தோடு தன் வெற்றியைத் தாயம்மாவிடமே காட்டினாள். அவள் முகம் வாடியது.

"இன்னா பாப்பா, முன்பல்லு ரெண்டும் இல்லாதது அப்டியே தெரியிதே. இதுக்குத்தான் வாய மூடிக்கினு இருந்தேன். அழிச்சிடு கண்ணு."

"ஸ்கூல் பேப்பர் இங்க எவன் படிக்கப் போறான்? வா, ஓடிடலாம்," என்று காதோரம் கிசுகிசுத்தான் ஸ்ரீகிருஷ்ணா. உண்மைதான், யாரும் படிக்கப் போவதில்லை. டெல்பினுக்கு அழிக்க மனமே இல்லை. ஆயினும் அந்த அம்மாள் கையால் வாயை மூடிக்கொண்டு இருப்பதைப் பார்த்தபின் அதை எடுத்துப்போகவும் மனம் வரவில்லை. அழித்தாள். பிறகு, வாய்மூடி விறைத்த தாயம்மாவையும் கால் நனைந்த கதிரேசனையும், அவர்கள் விரும்பியவாறே ஒரு படம் எடுத்துக் கொடுத்தாள். வேறு படம் எதுவும் சிக்காமலே நாலு மணி அடித்தது.

பகைவர் கொடியைச் சாய்த்தோர் பலருண்டு. வென்ற கொடியைத் தன் கையாலேயே இறக்கியவர் யாருண்டு? இச்செயல் கண்டு எண்டிசை யானைகள் பிளிறின, ஏழ்கடலும் பொங்கின, வானோர் பூமாரி பொழியக் கூடை தேடினர்!

அந்த மாதம் முதல் பக்கத்தில், தாளாளர் கேமராவைப் பார்த்துக்கொண்டே குத்துவிளக்கு ஏற்றும் படம் வந்தது.