டெனிஸ்டனின் ஐந்து வெள்ளிக்கிழமைகள்

இயேசு மரி சூசை

மோர்னிங்சைட், ஸ்காபரோ
உயிர்த்த ஞாயிறு கழிந்த செவ்வாய்

பெருமதிப்புக்குரிய சிஸ்டர் அக்காவுக்கு, தம்பி இக்னேசியஸ் எழுதுவது.

சர்வேசுரன் புண்ணியத்தில் நானும் வீட்டுக்காரி பேர்ணடெற்றும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் அந்தப் புண்ணியத்தில் இன்னும் சேரவில்லை. மன்னாரில் உங்களுக்கும் மடத்தில் உள்ள மற்றச் சிஸ்டர்மாருக்கும் வெயில் பொறுக்கக்கூடியதாக இருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் மடத்துப் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். நான் சொல்லப்போவதை ஒன்பது கன்னியாஸ்திரிகள் சுற்றியிருந்து கேட்க வேண்டாம் என்றுதான் தாளில் எழுதுகிறேன்.

இந்த முறை தபசுகாலத்தை எப்படி அனுசரித்தாய் என்று கேட்டிருந்தீர்கள். விபூதிப் புதனன்று பூசை முடிந்து வெளியே வர, டெனிஸ்டன் கோயில் வாசலில் என்னைப் பிடித்தார். உங்களுக்கு அவரைத் தெரியாது. பேசாலை ஆள், எழுபது வயது, பாரிசவாதம் வந்து இடது கை இழுத்துவிட்டது, வோபர்னில் ஒரு கட்டடத்தில் பதினோராம் மாடியில் தனிய இருக்கிறார். மனைவி மோசம்போய் நாலு வருஷம். ஒரே மகன் மரியோவுக்கு கல்கரியில் வேலை. டெனிஸ்டன் நெற்றியில் சாம்பலோடு வோக்கரைப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, வெள்ளிக்கிழமை பின்னேரத்திலை ஒருக்கா வந்திட்டுப் போங்கோவன். ரெண்டு பேருமா ஒரு செபமாலை சொல்லுவம். தனியச் சொன்னா, முதல் பத்து மணியும் உருட்டி முடிச்சு ரெண்டாம் காரணிக்கத்துக்கு வர எனக்கு நித்திரை வந்திடுது" என்றார். நான், "இதென்ன கேள்வி, ஒவ்வொரு வெள்ளியும் நாலு மணிக்கு வாறன்" என்று சொன்னேன். அவர் ஒருக்காத்தான் கேட்டார், ஒவ்வொரு வெள்ளியும் என்று கூட்டிச் சொன்னது நான்தான். பக்கத்தில் ஃபாதர் நின்றார்.

முதல் வெள்ளி, பெரிய வெள்ளிக்கு நடிக்கிற சிலுவைப்பாதை பற்றிய கூட்டம். நான் செபக்குழுச் செயலாளர், இல்லாவிட்டால் நடக்காது. உரோமைச் சேவகருடைய தொப்பியில் வைக்கிற குஞ்சம் சிவப்போ மஞ்சளோ என்பதுதான் பிரச்சினை. சேவகராக நடிக்க வந்த கஜீவன் மஞ்சள் என்றால் தான் வரமாட்டேன் என்றான், உடுப்பு வாடகைக்குக் கொடுக்கிறவன் மஞ்சள்தான் இருக்கு என்றான், இரண்டரை மணித்தியாலம் போனது, கடைசியில் குஞ்சமே இல்லாமல் நடத்துவதென்று முடிவு. டெனிஸ்டனுக்குப் போன் எடுத்தேன். "பரவாயில்லை அண்ணை, அதுவும் கோயில் வேலைதானே" என்றார். அடுத்த வெள்ளி உறைமழை. அக்கா, உங்களிடம் பொய் சொல்லக்கூடாது, உறைமழை மத்தியானத்தோடு விட்டுவிட்டது. நான் யூரியூப்பில் ஒரு தியானப் பிரசங்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், அயலானை நேசிப்பது பற்றி, மூன்று மணித்தியாலம், மிகவும் உருக்கம், இடையில் இரண்டு தரம் அழுதேன். அது முடிய ஆறு மணி. மூன்றாம் வெள்ளி மெய்யாகவே போனேன். அவருடைய கட்டடத்துக்குக் கீழே வரைக்கும் போய்விட்டேன். பார்க்கிங் இல்லை. மூன்றாம் தரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன், பேர்ணடெற் போன் எடுத்து, தமிழ்க் கடையில் நல்ல விளைமீன் வந்திருக்கு, சுத்தபோசன நாள், இறைச்சி இல்லை, ஐந்து மணிக்குப் பிறகு கிடையாது என்றாள். மீன் வெட்டுகிற வரிசையில் என் இலக்கம் அறுபத்துநாலு, வெட்டுகிறவன் நாற்பதில் நிற்கிறான். அங்கே நின்றபடியே செபமாலை சொன்னேன். அதைக் கணக்கில் எடுப்பார்களோ தெரியாது.

நாலாம் வெள்ளி எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. என்னால் ஏலாவிட்டாலும் சபை செய்யட்டும் என்று, செபக்குழு வாட்ஸ்அப்பில், "நோயாளி டெனிஸ்டனுக்காக மன்றாடுவோம்" என்று போட்டேன். எண்பத்தேழு பேர் கைகூப்பினார்கள் அக்கா. ஒருவர் மட்டும் தவறுதலாக நடனமாடுகிற பொம்மையைப் போட்டுவிட்டார். அதைக் கண்டித்து இன்னொருவர் எழுத, அவருக்கு இவர் எழுத, இரண்டு பேரையும் சமாதானப்படுத்தி முடிக்க இருட்டிவிட்டது. எண்பத்தேழு பேரில் ஒருவராவது பதினோராம் மாடிக்கு ஏறினாரா என்று கேட்காதீர்கள். ஏறவில்லை.

ஐந்தாம் வெள்ளி ஒத்திகை, பின்னேரம் தொடங்கி இரவு வரைக்கும். எனக்கும் ஒரு பாத்திரம் தந்திருந்தார்கள். சிலுவையைத் தாங்க உதவி செய்கிற சீமோன். சிலுவை மட்டையால் செய்தது, பாரமே இல்லை, பாரமாக நடிக்கத்தான் கஷ்டம். நான் முதுகை வளைத்துக் கோயில் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் டெனிஸ்டன் செத்திருக்கிறார்.

அடுத்த நாள் காலமை, அவரைக் குளிப்பாட்டிவிட வருகிற பிலிப்பைன்காரப் பெண்தான் கண்டிருக்கிறாள். உடலைப் பார்வைக்கு வைத்த அன்று மார்க்கம் நகரத்து மண்டப வாசலில் அவள் என்னிடம் வந்து, நீதானே அந்த வெள்ளிக்கிழமை ஆள் என்று கேட்டாள். ஒவ்வொரு வெள்ளியும் காலமை, முகம் வழித்துவிடு, நல்ல சேட்டுப் போட்டுவிடு, பின்னேரம் எனக்கு ஆள் வருது என்று அவளைக் கேட்பாராம். இழுத்த கையைச் சேட்டுக்குள் விட அவளுக்குப் பத்து நிமிஷம் எடுக்குமாம். ஐந்து கிழமையும் அப்படி. கடைசியாகக் கதிரையில் இருந்ததும் அந்தச் சேட்டோடுதான். நான் தலையை ஆட்டினேன்.

இனித்தான் பெரிய கூத்து. மரியோ மைக்கைப் பிடித்தான். முப்பத்தைந்து வயது, இங்கே பிறந்தவன், தமிழ் கொஞ்சம் தடக்கும். "என்னாலை அப்பாவோட நிக்க முடியேல்லை. ஆனா எவ்ரி ஃப்ரைடே இக்னேசியஸ் அங்கிள் வந்து ரெண்டு பேருமா ரோசரி சொல்லுறவை. அப்பா போனிலை சொல்லுவார். தாங்க்யூ அங்கிள், அப்பாவைத் தனிய விடாததுக்கு" என்றான். அக்கா, இருநூறு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். டெனிஸ்டன் என் மானத்தைக் காப்பாற்ற மகனுக்கு ஐந்து தரம் பொய் சொல்லியிருக்கிறார், அதுவும் தபசுகாலத்தில்! நான் எழும்பி, அப்படி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்தேன். அதைச் சனம் தாழ்ச்சி என்று எடுத்துவிட்டது. ஃபாதர் வந்து கட்டிப்பிடித்தார். பின்வரிசையில் ஒரு கிழவி அழுதது.

பேர்ணடெற்றுக்கு எல்லாம் தெரியும். வீட்டு வாசலில் இறங்கும்போது, "யேசுவைத் தெரியாதெண்ட இராயப்பருக்கெண்டாலும் ஒரு சேவல் கூவினது. உங்களுக்கு ஆரப்பா கூவுறது?" என்றாள். விளைமீனுக்கு என்னை அனுப்பியது ஞாபகமோ என்று கேட்க வாய் உன்னியதோடு சரி.

பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். நோயாளியைச் சந்திக்கவில்லை என்று சொன்னேன். ஃபாதருக்கு என் குரல் தெரியும். "இக்னேசியஸ் அண்ணை, உந்தளவு மனச்சாட்சி உறுத்தல் கூடாது. வெள்ளி தவறாமல் போனீங்கள், இன்னும் கூடப் போயிருக்கலாம் எண்டு யோசிக்கிறீங்கள்" என்று ஆறுதல் சொன்னார். இல்லை ஃபாதர், ஒருநாளும் போகவில்லை என்றேன். "சரி சரி" என்று பாவமன்னிப்புத் தந்துவிட்டார். எந்தப் பாவத்துக்குத் தந்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை.

பெரிய வெள்ளியன்று சீமோனாக நடித்தேன். நன்றாக இருந்ததாம்.

அதனால் அக்கா, உங்களைச் சாட்சியாக வைத்துத் தீர்மானம் எடுத்திருக்கிறேன். செயலாளர் வேலையை விடுகிறேன். வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகுகிறேன். மரியோவுக்குப் போன் எடுத்து உள்ளதை உள்ளபடி சொல்லப்போகிறேன். அவன் ஏசினால் ஏசட்டும். இனி என்னிடம் ஒருவன் ஒரு மணித்தியாலம் கேட்டால் அந்த மணித்தியாலம் அவனுக்குத்தான்.

மதர் சுப்பீரியருக்கும் சமையலறைச் சிஸ்டருக்கும் எங்கள் தோத்திரம். மடுமாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும். எனக்காக மன்றாடுங்கள், கைகூப்புகிற படம் மட்டும் அனுப்பாதீர்கள்.

உங்கள் பாவியான தம்பி,
இக்னேசியஸ்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் மரியோவுக்கு எடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்குத் தெரியும் அங்கிள்" என்றான். "வெள்ளியிலை கோல் எடுக்கேக்கை, அங்கிளிட்டைப் போனைக் குடுங்கோ எண்டு கேப்பன். இப்பதான் வெளிக்கிட்டவர், லிஃப்ற்றிலை நிப்பார் எண்டுவார். அஞ்சு கிழமையும் நீங்கள் லிஃப்ற்றிலைதான் நிண்டனீங்கள்."

"பிறகேன் தம்பி மைக்கிலை அப்பிடிச் சொன்னனீ?"

"அப்பாவைப் பெட்டியிலை வைச்சுக்கொண்டு அவரைப் பொய்யர் எண்டு சொல்லவோ? அதோட நானும் கிறிஸ்மஸுக்கு வாறன் வாறன் எண்டு மூண்டு வருஷம் வரேல்லை அங்கிள்." பிறகு, "அங்கிள் பிஸி இல்லையெண்டா, அப்பாவுக்காக இப்ப ஒரு ரோசரி சொல்லுவமா? தமிழிலை எனக்குப் பாதிதான் தெரியும், நீங்கள் சொல்லித் தாங்கோ" என்று கேட்டான்.

முழங்காலில் இருந்தேன் அக்கா. முதற் காரணிக்கம் முடிந்தது. அவன் அழுதழுது சொன்னான். இரண்டாவதில் ஆறாம் அருள்நிறை மந்திரம் சொல்லும்போது மற்ற லைனில் செபக்குழுத் தலைவர் எடுத்தார், மிட்லண்ட் யாத்திரைக்கு பஸ் பிடிக்கிற விஷயம், இன்றைக்குச் சொல்லாவிட்டால் பஸ் போய்விடும். "ஒரு நிமிஷம் தம்பி" என்றேன். இருபது நிமிஷம் போய்விட்டது. பஸ் கிடைத்துவிட்டது.

திரும்பி வந்தபோது மரியோ லைனில் இல்லை.