உப்புத்தாள் தின்ற மாடி

மாமனார் வீட்டில் நல்ல பெயர் வாங்கத் துடிக்கும் மாப்பிள்ளையைக் கட்டிப்போட்டு வைப்பது எல்லோருக்கும் நல்லது. என்னை யாரும் கட்டிப்போடவில்லை.

எண்பதுகளின் கடைசி. கல்யாணமாகி நான்கு மாதம். ஆவடித் தொழிற்சாலையில் பெயிண்ட் அடிப்பது என் உத்தியோகம். முத்தாபுதுப்பேட்டையில் மாமனார் வீட்டு பீரோவில், அவருடைய தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த ரைபிள் ஒன்று லைசென்ஸோடு கிடந்தது. மைத்துனன் அதைப் போட்டோ எடுத்து ஏலக்காரர் ஒருவருக்கு அனுப்ப, அவர் நேரிலேயே வருவதாக எழுதிவிட்டார்.

"நல்ல வெலைக்குப் போச்சின்னா மாடி கட்டிர்லாம் மாப்ளே. மேல் ஊடு உங்களுக்குத்தான்," என்றார் மாமனார்.

அன்றே நானும் மனைவியும் ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று சண்டை போட்டுவிட்டோம்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ரைபிளை வெளியே எடுத்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. கட்டை முழுக்கக் கீறல், கறுப்பேறிய அழுக்கு, நடுவில் ஏதோ முத்திரை. (பெண் பார்க்க வரும்போது பெண்ணை இந்தக் கோலத்திலா நிறுத்துவது?) கரையான்சாவடிக் கடையில் உப்புத்தாளும் பட்டாளப் பச்சைப் பெயிண்டும் வாங்கினேன். (சொந்தக் காசில்தான்!) கட்டையை வழவழவென்று தேய்த்து, இரும்புக்கும் சேர்த்து இரண்டு பூச்சு அடித்தேன்.

"புச்சாட்டம் கீது மாப்ளே!" என்று மாமனாரே மலைத்துப் போனார்.

அடுத்த வாரம் ஏலக்காரர் வந்தார். சுற்றியிருந்த துணியை விலக்கினார். கட்டையின் நடுவை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"இதுல ஒரு முத்திரை இருந்துச்சே?"

"தேச்சு எடுத்துட்டேன் சார்," என்றேன், பெருமையாக.

அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "சுடறதுக்கா சார் இதை வாங்கறாங்க? எந்தப் படையில இருந்துச்சுன்னு அந்த முத்திரை சொல்லும். பழைய மெருகு, கீறல், எல்லா பாகத்துலயும் ஒரே நம்பர், எதையும் யாரும் தொட்டிருக்கக் கூடாது. அப்பதான் போட்டி போட்டு விலையை ஏத்துவாங்க. அது போகட்டும், லைசென்ஸ்ல இருக்கற நம்பர் இரும்புல எங்க?"

எங்கும் பச்சை.

"ஐயையோ! நம்பர் இல்லாத துப்பாக்கின்னா உள்ள தூக்கி வெச்சிருவானே!" என்று அலறினார் மாமனார். இரும்பிலும் உப்புத்தாள் போட்டேனா? சத்தியமாக நினைவில்லை. ஓடிப்போய்ப் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் கொண்டுவந்து துணியால் தேய்த்தேன். மூன்று வந்தது. ஒன்று வந்தது. கடைசி எண்ணாக ஏழு தலைகாட்டியபோது மாமியார் கற்பூரமே ஏற்றிவிட்டார்.

ஜெயில் தப்பியது. மாடி போயிற்று. ஏலக்காரர் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்.

மாமனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ரைபிளைத் துடைக்கப் போகும் என் கையிலிருந்து துணியைப் பிடுங்கிக்கொண்டு, "நீங்க குந்துங்க மாப்ளே, சுண்டல் துன்னுங்க," என்பார், அவ்வளவுதான்.

மாமனார் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் எல்லாம் மாடி எழும்பிவிட்டது. உங்கள் வீட்டில் ஏன் இல்லை என்று யாராவது கேட்டால், என் மனைவி பீரோவைத் திறந்து காட்டுவாள்.

"கட்டியாச்சே! இதோ, பச்சை பெயிண்ட் அடிச்சு உள்ள வெச்சிகீறோம்."