டேனிஷ்காரர் சொன்ன உணவகங்கள்

வடக்கே போய்த் திரும்பும்வரை ஓர் உணவகத்திலும் கால் வைப்பதில்லை என்று இந்தக் கோடையில் தீர்மானித்தேன். என் மனைவி இங்குனிடம் அதைச் சத்தமாகவே அறிவித்தேன். அவள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கேரவனின் அலமாரிகளையெல்லாம் மீன் உருண்டை டின்களால் நிரப்பினேன். நாங்கள் நார்வேயின் பெர்கன் நகரத்துக்காரர்கள். வீட்டு ரொட்டியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய், அடுத்த ஊர் மலையைப் பார்த்தபடி தின்பதுதான் எங்களுக்குச் சுற்றுலா. வடக்கில் ஒரு கிண்ணம் மீன் சூப்புக்குக் கேட்கும் விலையில் அந்த மீனைப் பிடித்த படகையே பேசி முடிக்கலாம்.

இங்குன் கதவோரம் நின்றபடி, "அங்க காட் மீன் நாக்கப் பொரிச்சுத் தருவாங்களாம்" என்றாள்.

"மீனுக்கே அது பயன்படல. நமக்கு எதுக்கு?" என்றேன்.

நல்ல பதில் என்று அன்று முழுக்க எனக்கு ஒரு பெருமை.

கரையோரச் சாலையில் வடக்கே போகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கடல் குறுக்கே வந்து சாலையை வெட்டும். வெட்டிய இடத்தில் வண்டிகளை ஏற்றிப்போகும் ஃபெர்ரி. அது தாண்டிக் கொஞ்சம் சாலை, மறுபடி ஃபெர்ரி. நீங்கள் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அடுத்த படகுத்துறையில் எல்லோரும் அதே வரிசையில் நிற்பீர்கள். முதல் துறையில் சந்தித்தவரைக் கடைசித் துறைவரை சந்தித்தே ஆக வேண்டும். பிரேபன் என்பவரைப் பார்க்கும்வரை இதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

முதல் ஃபெர்ரியின் மேல்தளத்தில் மேசைகள் காலியாகக் கிடந்தன. பிரேபன் நேராக எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். நார்வேயில் காலி மேசைகளுக்கு நடுவே ஒருவர் உங்கள் மேசையில் வந்து உட்கார்ந்தால், ஒன்று அவர் குடித்திருக்கிறார், அல்லது டேனிஷ்காரர். இவர் குடித்திருக்கவில்லை. வெள்ளித் தாடி. நீலக் கம்பளிச் சட்டை. பற்கள் எல்லாம் சொந்தம். அடிக்கடி சிரித்ததால் நன்றாகச் சரிபார்த்துக்கொண்டேன். தனியாகக் கேரவனில் வந்திருக்கிறாராம். என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு. மிச்சப் பேச்சு முழுக்க இங்குனிடம்.

என்ன பேசினார் என்பதுதான் சிக்கல். நான் ஆவணக் காப்பகத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவன். டென்மார்க் எங்களை ஆண்ட காலத்துக் காகிதமெல்லாம் டேனிஷில்தான் இருக்கும். பூச்சி அரித்த பாதிரியார் கையெழுத்தைக்கூடப் படித்துவிடுவேன். ஆனால் உயிருள்ள டேனிஷ்காரர் வாயைத் திறந்தால் எனக்கு ஒரு சொல் விளங்காது. எழுதும்போது தாராளமாகப் போடுகிற எழுத்துகளில் பாதியைப் பேசும்போது விழுங்கிவிடுகிறார்கள். படித்த நார்வேக்காரன் இதை வெளியே சொல்ல மாட்டான். தலையாட்டுவான். நானும் ஆட்டினேன். இங்குன் மருத்துவச்சிப் படிப்பை டென்மார்க்கில் படித்தவள். அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அவர் பேசப் பேசச் சிரித்தாள். எனக்கென்று அவள் செலவழித்து வெகுகாலமான ஒரு சிரிப்பு அது.

வண்டிக்குத் திரும்பியதும் மெல்ல விசாரித்தேன். என்ன சொன்னார் என்று நேராகக் கேட்க முடியாது.

"அவர் கடைசியாச் சொன்னாரே, அதப் பத்தி நீ என்ன நினைக்கிற?"

"எது, அந்த ஓட்டல் விஷயமா?"

"அதேதான்."

"நல்ல எடமாத்தான் இருக்கும்போல. ஆனா நான் மட்டும் அவரோட போனா நல்லா இருக்குமா, நீயே சொல்லு."

 அடுத்த திருப்பத்தில் வண்டியை அந்த ஓட்டல் பக்கம் திருப்பினேன். அன்று மதியம் கடலோரக் கண்ணாடிக் கூடம் ஒன்றில் வெள்ளை மேசைவிரிப்பின் முன் உட்கார்ந்து, வெண்ணெயில் பொரித்த காட் மீன் நாக்குகளை என் மனைவிக்கு நானே வாங்கிக் கொடுத்தேன். நானும் இரண்டு தின்றேன். அவற்றின் சுவை பற்றி என் கருத்தை வெளியிடுவதாக இல்லை.

அடுத்த துறையில் பிரேபன் இருந்தார். அதற்கடுத்த துறையிலும் இருந்தார். அவரைக் கழற்றிவிட ஒரு ஃபெர்ரியை வேண்டுமென்றே தவறவிட்டேன். அடுத்ததில் ஏறி இறங்கினால், வழியில் கலைமான்களைப் படம் எடுக்க நின்றவர் புன்னகையோடு எங்கள் பின்னாலேயே வந்தார். ஒவ்வொரு துறையிலும் இங்குன் தலை சீவிக்கொண்டாள். பெர்கனில் மழைக்குக்கூட எடுக்காத சிவப்புக் கழுத்துத்துணி வெளியே வந்தது. ஒவ்வொரு முறையும் நான் சுற்றி வளைத்துக் கேட்பேன். அவள் பெருமூச்சோடு பதில் சொல்வாள். பிரேபன் பனியாற்றுக்குப் படகில் போகலாம் என்கிறாராம். படகில் ஏற்றியது நான். கழுகு பார்க்க நல்ல இடம் தெரியும் என்கிறாராம். கொட்டும் மழையில் கழுகு காட்டியது நான். உலர்மீன் கஞ்சிக்கு ஒரு கடை சொன்னாராம். அந்தக் கடையில் ஜன்னலோர மேசைக்காகப் பணிப்பெண்ணிடம் குரலை உயர்த்தியதும் நான்தான். அலமாரி டின்கள் ஒவ்வொரு வளைவிலும் கடகடவென்று உருண்டு தம் இருப்பைத் தெரிவித்தன.

லோஃபோட்டன் தீவுகளுக்கு வந்தபோது எனக்கு ஒரு யோசனை உதித்தது. அவர் சொல்லி நான் செய்வதால்தானே பெயர் அவருக்குப் போகிறது? அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் காட்டிவிட வேண்டும். அதன்பின் எந்தப் பலகையில் கத்தியும் முள்கரண்டியும் வரைந்திருந்தாலும் பிரேக்கை மிதித்தேன். ஓ என்ற ஒற்றை எழுத்தே பெயரான கிராமத்தில் லவங்கப்பட்டை ரொட்டி. அதைக் கடந்ததும் மீன் சூப். பிறகு திமிங்கல இறைச்சி. இங்குன் கன்னம் உப்பி வந்தது.

"எங்கூட வந்தது நல்லா இருக்கா, இல்ல அவர்கூடப் போயிருக்கலாமா?" என்றேன்.

"அவர் இன்னும் நண்டு பத்திப் பேசல. அதுக்குள்ள எப்படிச் சொல்றது?" என்றாள்.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. சென்யா தீவுக்குப் போகும் ஃபெர்ரியில் இங்குன் திமிங்கலம் பார்க்க மேல்தளத்துக்குப் போனாள். நான் பிரேபன் முன் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த ஒரே டேனிஷ், பழைய பாதிரியார்களின் டேனிஷ். அதில் பேசினேன்.

"ஐயன்மீர், அடியேன் இல்லாளிடத்துத் தாங்கள் காட்டும் பரிவு கண்டு உள்ளம் வெதும்பி நிற்கிறேன்."

 அவர் உடனே ஆங்கிலத்துக்கு மாறினார். அது எனக்கு நன்றாகவே புரிந்தது.

"எங்க ஊர்ல இந்த மாதிரி கல்லறைக் கல்லுல எழுதியிருக்கும். யாரும் பேசிக் கேட்டதில்ல. உங்களுக்கு என்ன பிரச்சினை?"

"நீங்க எம்பொண்டாட்டிய ஓட்டலுக்குக் கூப்பிடுறது."

"ஓட்டலுக்கா? நானா? இங்க ஓட்டல்ல சாப்பிட யாருக்குங்க கட்டுப்படியாகும்? ஊர்லேர்ந்து கறி டின் கொண்டாந்திருக்கேன். அதத்தான் சூடு பண்ணித் தின்னுட்டிருக்கேன்."

"அப்போ இத்தன நாளா அவகிட்ட என்ன பேசினீங்க?"

"என் முதுகுவலி. வண்டி ஓட்டி ஓட்டி நிமிர முடியல. உங்க வீட்டம்மா பயிற்சி சொல்லிக் கொடுத்தாங்க. பதிலுக்கு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. நடுநடுவுல நல்லாச் சிரிங்க, அப்பத்தான் எங்க வீட்டுக்காரருக்குப் பசி எடுக்கும்னாங்க. ஏதோ வைத்தியம்போலன்னு நினைச்சு நானும் சிரிச்சேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் நிம்மதி வந்தது. கோபம் அதற்குப் பின்னால் வந்தது. இப்போதே மேலே போய், "நீ சொன்னது அத்தனையும் பொய்" என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட எழுந்தேன். படிக்கட்டில் பாதி ஏறியதும் நின்றேன். பொய் என்று நான் சொன்னால், அவர் நிஜமாகச் சொன்னது உனக்கு ஏன் புரியவில்லை என்று அவள் கேட்பாள். பெர்கன் காப்பகத்தில் டேனிஷ் அறிஞர் என்ற பெயரோடு என் படம் இன்னும் சுவரில் தொங்குகிறது. இறங்கி வந்துவிட்டேன்.

கரை இறங்கியதும் பாதை பிரிந்தது. பிரேபனுக்குப் பின்லாந்துப் பக்கம், எங்களுக்கு ட்ரொம்ஸோ பக்கம். அவர் வண்டியை எங்கள் பக்கத்தில் நிறுத்தி, ஜன்னலை இறக்கி, டேனிஷில் நீளமாக ஏதோ பேசினார். நான் பழக்கதோஷத்தில் தலையாட்டினேன். கையை உயர்த்திவிட்டுப் போனார். நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.

இங்குன் வழக்கம்போல் பெருமூச்சு விடுவாள் என்று காத்திருந்தேன். விடவில்லை. சிவப்புக் கழுத்துத்துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"காத்துல எனக்குச் சரியாக் கேக்கல. என்ன சொல்லிட்டுப் போறாரு?"

அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நான் சாலையைப் பார்த்தேன், கியரைப் பார்த்தேன், வேறு வழி எதுவும் தென்படாமல் வண்டியைக் கிளப்பினேன்.

"ட்ரொம்ஸோவுல நண்டு ரொம்ப நல்லா இருக்குமாம்" என்றேன்.