சப்ளை செயின் பச்சையான வரலாறு

வந்திருந்தோர்: மேனேஜர், எங்களிடம் செருப்பு வாங்கும் பெரிய கம்பெனியின் ஆய்வாளர் அம்மா, காவல்காரர், பசை அறையில் அடி ஒட்டும் அக்கா, வேடிக்கை பார்க்க நான். வராதவர்: காற்று.

பூமியைக் காக்கப் பிறந்த நிறுவனங்களில் எங்கள் செருப்புக் கம்பெனிக்கே முதலிடம். கம்பெனிகள் ஏன் திடீரென்று பசுமைக்கு மாறுகின்றன என்று விவரமறியாதவர்கள் கேட்கிறார்கள். மனசாட்சிதான். எங்களுடையது மின்னஞ்சலில் வந்தது: ‘பொருள் வாங்குவது முதல் விற்பது வரை உங்கள் சப்ளை செயின் பசுமையாகவும் நிலைத்ததாகவும் இல்லையென்றால் ஆர்டர் இல்லை.’

வெள்ளிக்கிழமைக்குள் சப்ளை செயின் பச்சையாக வேண்டும் என்று மேனேஜர் உத்தரவிட்டார்.

பசை டின்கள் வந்திறங்கும் பின்கதவைத் திறந்தால் உள்ளே காற்று வரும். வெளியே செருப்பு போகும் என்பது நிர்வாகத்தின் கவலை. ஆகவே அதில் ஒரு தடித்த இரும்புச் சங்கிலி. சப்ளை வரும் கதவின் செயின் என்பதால் எங்களுக்கு அது ‘சப்ளை செயின்’. காவல்காரர் சொன்னதைச் செய்பவர். ஒரு கண்ணி விடாமல் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார்.

ஆய்வாளர் அம்மா தொட்டுப் பார்த்தார். விரல் பசுமையடைந்தது.

“இதுவா உங்க சப்ளை செயின்?”

மேனேஜருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எங்கள் பசையின் தரம் அப்படி. “ஒரு அடையாளத்துக்கு மேடம். பார்க்கிறவங்க மனசுல பதியணும்ல?”

அம்மாவுக்கும் மேலே ஒரு மேனேஜர் உண்டு. “நல்லதுதான். போட்டோவுல பளிச்சுன்னு விழும்.”

ஆய்வுக்காகக் கதவு திறந்த சாக்கில் அக்கா வெளியே வந்து நின்றார். காற்றோட்டம் இல்லாவிட்டால் வேலையை விட்டுவிடும்படி டாக்டர் சொல்லியிருந்தார். விட்டால் வீட்டு அடுப்பில் பூனை தூங்கும்.

“பகல்லயாவது இதைத் திறந்து வைக்கச் சொல்லுங்கம்மா” என்றார், இருமலுக்கு நடுவே.

அம்மா பரிவோடு மேனேஜரைப் பார்த்தார்.

“நிலைச்சு இருக்கணும்னு நீங்கதானே மேடம் எழுதியிருக்கீங்க? தினம் அவுத்தா எப்படி நிலைக்கும்?”

நியாயம்தான். ‘தொழிலாளர் பங்கேற்பு’க்காக அக்காவைச் செயினைப் பிடிக்கச் சொல்லி, இருமலை அடக்கிச் சிரிக்கவைத்து, படம் எடுத்தார்கள். கார் போயிற்று. ஆர்டர் வந்துவிடும்.

“உள்ள போங்கம்மா” என்றார் மேனேஜர்.

“காயட்டும்னு சொன்னேன், யாரு கேட்டா? கையெல்லாம் பச்சை பாருக்கா” என்றார் காவல்காரர்.

கம்பெனிகள் ஏன் பசுமைக்கு மாறுகின்றன என்று இனியும் கேட்காதீர்கள். துருப்பிடித்த செயின் என்றைக்காவது ஒருநாள் அறுந்துவிடும். பெயிண்ட் அடித்தது அறாது.

அக்கா உள்ளே போனார். காவல்காரர் கதவைச் சாத்தி, செயினை இறுக்கிப் பூட்டினார்.